ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்

இரவில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஹெட்லைட் வெளிச்சம் வழக்கத்தைவிட மஞ்சளாக விழுகிறது. வைப்பர் மெதுவாக ஊர்கிறது. கொஞ்ச நேரத்தில், டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மங்கலாக எரியத் தொடங்குகிறது. எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடுகிறீர்கள். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இன்ஜின் அசையவில்லை.

பழைய கார் வைத்திருக்கும் பலர் இந்த இடத்தில் நேராகப் போய்ப் புது பேட்டரி வாங்கிவிடுவார்கள். புது பேட்டரி சார்ஜோடு வருவதால் வண்டி உடனே கிளம்பிவிடும். இரண்டு மூன்று நாள் நன்றாகவும் ஓடும். அப்புறம் அதே மஞ்சள் வெளிச்சம், அதே ‘டிக்’. நானும் ஒருமுறை நல்ல பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கியிருக்கிறேன். கோளாறு பேட்டரியிலும் இல்லை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலும் இல்லை. எங்கே இருந்தது என்று பின்னால் சொல்கிறேன். அன்றிலிருந்து, அளந்து பார்க்காமல் சார்ஜிங் சம்பந்தப்பட்ட எந்தப் பொருளையும் மாற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இதற்கு வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாவற்றையும் அளக்கும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

பேட்டரியை வீட்டுச் சேமிப்பு என்று வைத்துக்கொண்டால், ஆல்டர்னேட்டர் மாத வருமானம். இன்ஜினைக் கிளப்பும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும்தான் சேமிப்பில் கைவைக்கிறோம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் விளக்கு, ஹாரன், வைப்பர், இக்னிஷன் எல்லாவற்றுக்கும் ஆல்டர்னேட்டரே மின்சாரம் கொடுத்துவிட்டு, எடுத்த சேமிப்பையும் திருப்பிப் போடுகிறது. வருமானம் நின்ற வீடு உடனே பட்டினி கிடக்காது. சேமிப்பு தீரும்வரை எல்லாம் சரியாக நடப்பது போலவே இருக்கும். ஆல்டர்னேட்டர் நின்றுபோன காரும் அப்படித்தான். பகலில் இக்னிஷனுக்கு மட்டும் மின்சாரம் போனால் நெடுநேரம் தாங்கும். இரவில் ஹெட்லைட் இரண்டும் 55 வாட் என்றால், அவை மட்டுமே சுமார் 9 ஆம்பியர் குடிக்கும். அதோடு காற்றாடி, வைப்பர், பின்விளக்குகள் என்று சேர்ந்தால் 25 ஆம்பியரைத் தொட்டுவிடும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி அந்தச் சுமையை ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

உள்ளே நடப்பது என்ன

ஆல்டர்னேட்டரின் நடுவில் சுழலும் பாகம் ரோட்டார். அது ஒரு மின்காந்தம். தண்டின் மேல் சுற்றிய ஒரு கம்பிச் சுருள், அதன் இருபுறமும் நகங்களைப் போல மடங்கிய இரும்புத் துருவங்கள். ரோட்டாரைச் சுற்றி அசையாமல் நிற்கும் செப்புக் கம்பிச் சுருள்கள்தான் ஸ்டேட்டார். பெல்ட் இழுக்க ரோட்டார் சுழலும்போது, அதன் காந்தப்புலம் சுருள்களைக் கடந்து ஓடுகிறது; சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது.

பிறக்கும் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது. பேட்டரிக்கோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். அதனால் ஸ்டேட்டாரின் மூன்று கம்பிகளும் ஆறு டயோடுகள் கொண்ட ஒரு தட்டுக்குப் போகின்றன. டயோடு என்பது ஒருவழிக் கதவு. ஆறு கதவுகளும் சேர்ந்து எல்லா அலைகளையும் ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்புகின்றன.

ரோட்டார் மின்காந்தம் என்பதால் அதற்கும் கொஞ்சம் மின்சாரம் கொடுக்க வேண்டும். சுழலும் பாகத்துக்கு எப்படிக் கொடுப்பது? தண்டின் முனையில் இரண்டு செப்பு வளையங்கள் உண்டு; அவைதான் ஸ்லிப் ரிங். அவற்றின் மேல் இரண்டு கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உரசிக்கொண்டே நிற்கும். எவ்வளவு மின்சாரம் உள்ளே போக வேண்டும் என்று தீர்மானிப்பது ரெகுலேட்டர். பேட்டரியில் வோல்டேஜ் குறைந்தால் ரோட்டாருக்குக் கூடுதலாக விடும், ஏறினால் குறைக்கும். இன்ஜின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் வெளியே வரும் வோல்டேஜ் 14-ஐ ஒட்டியே நிற்பது இதனால்தான்.

இந்த அமைப்பின் அழகு பிரஷ்ஷில் இருக்கிறது. இதற்கு முந்தைய டைனமோவில், உற்பத்தியாகும் மொத்த மின்சாரமும் பிரஷ் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் பிரஷ்ஷும், அது உரசும் செப்பு உருளையான காமுடேட்டரும் சூடேறித் தேய்ந்தன. இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக ஓடும் நிலையில் இருந்தால் சார்ஜும் சரியாக ஏறாது. ஆல்டர்னேட்டரில் பிரஷ் சுமப்பது ரோட்டாருக்கான 3 முதல் 5 ஆம்பியர் மட்டுமே. சுமை முழுவதும் அசையாத ஸ்டேட்டாரிலிருந்து கம்பி வழியாக நேராக வெளியே வருகிறது. சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு இது சாத்தியமானது. 1960-ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் வழக்கமான பாகமாகவே வந்தது. அப்படிப்பட்ட ஆல்டர்னேட்டரிலும் தொடர்ந்து உரசித் தேயும் பொருள் பிரஷ்தான். ‘ஆல்டர்னேட்டர் போய்விட்டது’ என்று ஒதுக்கிவைத்தவற்றில் பல, தேய்ந்த இரண்டு கார்பன் துண்டுகளால் மட்டுமே நின்றுபோனவை.

சிவப்பு விளக்கு பேசும் மொழி

மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும் முன் அந்தச் சிவப்பு விளக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய கார்களில் அது வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல, சர்க்யூட்டின் ஒரு கண்ணி. பல்பின் ஒரு முனை இக்னிஷன் சுவிட்சுக்கும், மறு முனை ஆல்டர்னேட்டருக்கும் போகிறது. சாவியைத் திருப்பியதும், பேட்டரியிலிருந்து மின்சாரம் பல்பு வழியாக உள்ளே நுழைந்து, பிரஷ், ரோட்டார், ரெகுலேட்டர் என்று கடந்து எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த கார் உலோகத்துக்குப் போகும். பல்பு எரியும், ரோட்டாருக்கு முதல் காந்தசக்தியும் கிடைத்துவிடும். இன்ஜின் ஓடியதும் ஆல்டர்னேட்டர் தானே 14 வோல்ட்டை உண்டாக்கும். பல்பின் இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ் என்றால் அதன் வழியாக எதுவும் ஓடாது. பல்பு அணையும்.

இந்தப் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் விளக்கு நிறையச் சொல்லும். சாவியைத் திருப்பும்போது அது எரியவே இல்லையா? பல்பு போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், அல்லது பிரஷ் தேய்ந்து வளையத்தைத் தொடாமல் நிற்கலாம். ‘விளக்கு எரியவில்லை, அப்படியென்றால் எல்லாம் சரி’ என்று நினைப்பது பெரிய தவறு. பல்பு போனால் முதல் காந்தசக்தி கிடைக்காமல், பழுதே இல்லாத ஆல்டர்னேட்டர்கூடச் சார்ஜ் செய்யாமல் இருந்துவிடும்.

ஓடும்போது பிரகாசமாக எரிந்தால் சார்ஜ் சுத்தமாக இல்லை. பெல்ட் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்த நிலையில் ஓட்டினால் இன்ஜின் சூடேறிக் கெட்டுவிடும், வண்டியை உடனே நிறுத்த வேண்டும். ஓடும்போது மங்கலாக, இருட்டில் மட்டும் தெரியும்படி எரிந்தால், ஒரு டயோடு போயிருக்கலாம், அல்லது வயர் இணைப்பு எங்கோ பலவீனமாகியிருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் மங்கலாக எரிகிறதா? அது டயோடு ஷார்ட் ஆனதற்கான அடையாளம். ஒருவழிக் கதவு திறந்தே கிடக்கிறது, பேட்டரி மின்சாரம் பின்வாசல் வழியாக ஒழுகுகிறது. அன்றிரவே பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள்.

அளவுகள்

மல்டிமீட்டரை நேர்மின்சார வோல்ட்டில், 20 வோல்ட் வரை அளக்கும் இடத்தில் வையுங்கள். இன்ஜினை அணைத்துச் சில மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு முனை நெகட்டிவில். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு ஆல்டர்னேட்டரைச் சோதிக்காதீர்கள். அது முழுபலத்தையும் பேட்டரிக்கே கொட்டிக்கொண்டிருக்கும், வோல்டேஜ் ஏறாமல் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். வெளிச் சார்ஜரில் போட்டு நிறைத்த பிறகே அடுத்த அளவு.

இன்ஜினைக் கிளப்பி, அதே இரண்டு இடத்தில் அளங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நின்றால் நல்லது. 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜே இல்லை. 13, 13.2 என்று தடுமாறினால் சார்ஜ் வருகிறது, ஆனால் போதவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரி கொதித்து வாயு கக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடிக்கடி போகும். அந்த வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது. பக்கத்தில் தீப்பொறி கூடாது.

அடுத்து ஹெட்லைட், காற்றாடி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லி, இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றில் ஓடும்போது அளங்கள். 13.5-க்குக் கீழே இறங்காமல் நின்றால், ஆல்டர்னேட்டருக்குச் சுமை தாங்கும் பலம் இருக்கிறது. ஐடிலிங்கில் மட்டும் கொஞ்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம். பழைய ஆல்டர்னேட்டர்கள் பல 35 முதல் 55 ஆம்பியர் வரை மட்டுமே தரக்கூடியவை, அதுவும் வேகமாகச் சுழலும்போது.

இந்த எண்கள் எல்லாம் பழைய வகைக் கார்களுக்கு. கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் 12.8 காட்டினாலும் அது வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். அவற்றுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

இன்னொரு சோதனை பலருக்கும் தெரியாது, ஆனால் மிகவும் பயனுள்ளது. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏ.சி. (திசை மாறி ஓடும் மின்சாரம்) வோல்ட்டுக்கு மாற்றி, பேட்டரி முனைகளிலேயே அளங்கள். டயோடுகள் சரியாக இருந்தால் 0.1 வோல்ட்டைச் சுற்றித்தான் காட்டும். 0.5-ஐத் தாண்டினால், ஏதோ ஒரு டயோடு தன் வேலையைச் செய்யாமல் அலையை அப்படியே வெளியே விடுகிறது. இன்ஜின் வேகத்துக்கேற்பக் கூடிக் குறையும் ஒரு கீச்சு ஒலி ரேடியோவில் கேட்டாலும் இதைச் சந்தேகிக்கலாம். இப்படி ஒரு டயோடு போன ஆல்டர்னேட்டர், சாதாரண அளவில் 13.6 காட்டிப் பாஸாகிவிடும். சுமை ஏறும்போதுதான் பல்லிளிக்கும்.

எல்லா அளவும் சரி, ஆனால் இரவு நிறுத்திய காரில் காலையில் பேட்டரி காலி என்றால் ஒழுக்கைத் தேட வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளக்கும்படி வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையிலேயே தொடங்குங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். அதற்கு மேல் நிறையக் காட்டி, ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றியதும் விழுந்துவிட்டால், குற்றவாளி உள்ளே இருக்கும் டயோடு. இந்தச் சோதனை நடக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மல்டிமீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்று, வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் காலி, ஓடினால் நல்லது’ என்று ஒரு பழைய முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். டைனமோ காலத்தில் அது பெரிய சேதம் செய்யாமல் போயிருக்கலாம். ஆல்டர்னேட்டர் ஓடும்போது சுமையைத் திடீரென்று பிடுங்கினால், ரோட்டாரின் காந்தப்புலம் அந்த நொடியிலேயே அடங்காது; வோல்டேஜ் பல மடங்கு எகிறும். அதைத் தாங்கிக்கொள்ளும் பேட்டரியையும் நாமே கழற்றிவிட்டோம். டயோடு, ரெகுலேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன் எல்லாம் ஒரே அடியில் போகலாம். நல்ல ஆல்டர்னேட்டரைக் கொல்லும் முறைக்குச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆல்டர்னேட்டருக்கு வெளியே

சார்ஜ் போதவில்லை என்று தெரிந்தாலும், ஆல்டர்னேட்டரைக் கழற்ற இன்னும் நேரம் வரவில்லை. பெல்ட்டைப் பாருங்கள். கிளப்பியதும் ‘கீ...ச்’ என்று கத்துகிறதா? உட்புறம் கண்ணாடி போலப் பளபளக்கிறதா? எண்ணெய் பட்டிருக்கிறதா? நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. அமுங்க வேண்டும். தொளதொளவென்றிருந்தால், சுமை ஏறும்போது, பெல்ட் மாட்டியிருக்கும் சக்கரமான புல்லியின் மேல் வழுக்கிக்கொண்டுதான் ஓடும்.

அப்புறம் வயர்கள். ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் தடித்த வயர் மாட்டிய போல்ட் இருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டு, விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போது சிவப்பு முனையை அந்தப் போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். கையும் துணியும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகில் போகக்கூடாது. சிவப்பு முனை உலோக உறையில் உரசவும் கூடாது. 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் வயர் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்குச் சேர்வது 13 மட்டும்தான். 30 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட் தொலைந்தால், அது 30 வாட் வெப்பம். ஏதோ ஒரு இணைப்பு அந்த அளவுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

எர்த் பக்கத்தையும் இதே போல அளக்க வேண்டும்: ஒரு முனை ஆல்டர்னேட்டரின் உலோக உறையில், மறு முனை பேட்டரியின் நெகட்டிவில். 0.2-க்குள் இருக்க வேண்டும். புது பேட்டரி வாங்கிப் போட்ட என் காரில் இது 0.9 காட்டியது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் பின்னல் போல ஒரு செப்புப் பட்டை ஓடும். அடியில், கண்ணில் படாத இடத்தில், அது பச்சை பூத்துப் பாதி இழைகள் அறுந்து கிடந்தது. போல்ட் உட்காரும் இடத்தை உலோகம் தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை மாட்டினேன். அரை மணி நேர வேலை. அன்று அது சரியானதும் அளவு 14.1-க்கு ஏறி நின்றதைப் பார்த்த திருப்தி இன்றும் நினைவிருக்கிறது.

கழற்றிய பின்

பெல்ட், வயர், எர்த் மூன்றும் சரியாக இருந்தும் சார்ஜ் இல்லையென்றால், இப்போது ஸ்பேனரை எடுக்கலாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் பேட்டரியோடு நேரடியாக இணைந்தது. பல பழைய கார்களில் நடுவில் ஃபியூஸ்கூட இருக்காது. ஸ்பேனர் ஒரு பக்கம் அந்தப் போல்ட்டிலும் மறுபக்கம் பாடியிலும் பட்டால், பொறி பறந்து கை பொசுங்கும். வயர்கள் எது எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

டென்ஷன் போல்ட்டையும் கீழே இருக்கும் கீல் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை இன்ஜின் பக்கம் தள்ளினால் பெல்ட் நழுவிவிடும். பெல்ட் இல்லாத நிலையில் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுவழுவென்று சுற்ற வேண்டும். மணல் அரைபடுவது போல இருந்தாலோ, தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. ஓடும்போது உறுமல் அல்லது ஊளைச் சத்தம் வந்ததற்கும் காரணம் அதுதான்.

பல மாடல்களில் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் ஒரே துண்டாகப் பின்பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். ஆல்டர்னேட்டரைப் பிளக்கவே தேவையில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி, லேசாகச் சாய்த்து வெளியே எடுங்கள். கார்பன் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் 5 மி.மீ.-க்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் ஸ்பிரிங் துள்ளி மேலே வரவும் வேண்டும். கார்பன் தூள் அடைத்துச் சிக்கிக்கொண்டு நிற்கும் பிரஷ், நீளமாக இருந்தும் பயனில்லை.

சில வகைகளில் பிரஷ்ஷை மட்டும் தனியாக வாங்கிச் சாலிடர் வைக்கலாம். செய்யும்போது ஒரு நுணுக்கம் உண்டு. பிரஷ்ஷின் பின்னால் இருக்கும் செப்புப் பின்னல் வயர் திரிபோல ஈயத்தை உறிஞ்சும். அதிக நேரம் சூடு காட்டினால் ஈயம் மேலே ஏறி, வயர் குச்சிபோல விறைத்துவிடும். அப்புறம் பிரஷ் கீழே இறங்க முடியாது, சில நாளில் மறுபடி சார்ஜ் நின்றுவிடும். மூக்குப் பிளேயரால் பின்னலின் நடுவில் பிடித்துக்கொண்டு, சட்டென்று தொட்டு எடுங்கள். பிளேயர் சூட்டை உறிஞ்சி ஈயத்தை அங்கேயே நிறுத்தும்.

பிரஷ்ஷை எடுத்த துளைக்குள் டார்ச் அடித்தால் ஸ்லிப் ரிங் தெரியும். கறுத்திருந்தால் நைஸான எமரி பேப்பரை மெல்லப் பிடித்துக்கொண்டு தண்டைச் சுற்றினாலே பளிச்சென்றாகிவிடும். ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்ய வேண்டும், அல்லது வளையத்தையே மாற்ற வேண்டும். அங்கேயே ரோட்டாரையும் சோதித்துவிடலாம்: மல்டிமீட்டரை மின்தடையை அளக்கும் ஓமில் வைத்து இரண்டு வளையங்களையும் தொட்டால், பெரும்பாலான 12 வோல்ட் ஆல்டர்னேட்டர்களில் 2 முதல் 6 ஓம் வரை காட்டும். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணை இதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். எதுவுமே காட்டவில்லையென்றால் ரோட்டாரின் சுருள் அறுந்திருக்கிறது. ஒரு வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவில் ஏதாவது காட்டினால் சுருள் இரும்பைத் தொட்டுவிட்டது.

டயோடு சந்தேகம் என்றால்தான் உறையைப் பிளக்க வேண்டும். பிளக்கும் முன் முன்பாதி, ஸ்டேட்டார், பின்பாதி மூன்றின் மேலும் ஒரே நேராக ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது தடுமாற வேண்டியிருக்காது. நீள போல்ட்டுகளைக் கழற்றியதும் ஸ்டேட்டார் பின்பாதியோடு நிற்க வேண்டும், ஏனென்றால் அதன் கம்பிகள் டயோடு தட்டில் சாலிடர் ஆகியிருக்கும். அவற்றை விடுவித்து, மல்டிமீட்டரின் டயோடு சோதனையில் ஒவ்வொன்றையும் இருபுறமும் தொட்டுப் பாருங்கள். ஒருபுறம் 0.4 முதல் 0.7 வரை காட்டி, முனைகளை மாற்றினால் எதுவும் காட்டாமலிருந்தால் நல்ல டயோடு. இருபுறமும் காட்டினால் ஷார்ட், இருபுறமும் காட்டாவிட்டால் அறுந்தது. முதல்முறை செய்பவர்கள் ஒற்றை டயோடைப் பெயர்க்க முயல வேண்டாம். தட்டோடு மாற்றுவதே நல்லது. ஏன் போனது என்றும் யோசியுங்கள். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கேபிளைத் தலைகீழாக மாட்டியிருந்தால் அந்த நொடியிலேயே டயோடுகள் போயிருக்கும். காலியான பேட்டரியை நிறைக்கும் வேலையை நெடுந்தூரப் பயணத்திலேயே ஆல்டர்னேட்டரிடம் விட்டாலும், மணிக்கணக்கில் முழுச் சுமையில் வெந்து போகும்.

ஸ்டேட்டாரைப் பொறுத்தவரை கண்ணும் மூக்கும்தான் கருவி. சுருள்களுக்குள் பக்கத்துக் கம்பிகள் ஒட்டிக்கொண்டால் சாதாரண மல்டிமீட்டரால் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு குறைந்த ஓம் அது. நல்ல ஸ்டேட்டார் செம்பு நிறத்தில் ஒரே சீராக இருக்கும். ஒரு பகுதி மட்டும் கருகி, வார்னிஷ் எரிந்த வாடை அடித்தால், அத்தோடு அதன் கதை முடிந்தது.

என் கணக்கு இப்படி: பிரஷ், ரெகுலேட்டர், டயோடு தட்டு, பேரிங் இவற்றில் ஒன்றோ இரண்டோ என்றால் பழுது பார்ப்பதே சரி. பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும், அதே எண்ணில், இருபுறமும் மூடிய வகையாக வாங்க வேண்டும். ஸ்டேட்டார் கருகிவிட்டது, அல்லது ரோட்டார் அறுந்துவிட்டது என்றால், முழு ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடுவேன். ரீகண்டிஷன் செய்தது வாங்குபவர்கள் உள்ளே என்னென்ன மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். கழுவிப் பெயின்ட் அடித்தால் பழையதும் புதிதுபோலத்தான் மின்னும். புல்லியைச் சுற்றிப் பாருங்கள், பிரஷ்ஷின் நீளத்தைக் காட்டச் சொல்லுங்கள், வளையங்களின் ஓமையும் அளங்கள்.

திரும்ப மாட்டும்போது பெல்ட்டை இறுக்க ஆல்டர்னேட்டரை நெம்ப வேண்டியிருக்கும். மரக்கட்டையை முன்பக்க உறையில் கொடுத்து நெம்புங்கள். பின்பக்க அலுமினிய உறையில் இரும்புக் கம்பியைக் கொடுத்தால் விரிசல் விடும். ‘இனி வழுக்கவே கூடாது’ என்று கல்போல இறுக்கவும் வேண்டாம், ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். புதுப் பெல்ட் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், அப்போது ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும்.

வயர்களைப் படத்தைப் பார்த்து மாட்டி, கடைசியாகப் பேட்டரியின் நெகட்டிவ். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். மல்டிமீட்டரில் 14-ஐ ஒட்டி நிற்கிறதா, விளக்குகளைப் போட்டாலும் நிற்கிறதா, ஏ.சி. அளவு 0.1-ஐச் சுற்றித்தானே இருக்கிறது என்று எல்லாவற்றையும் திரும்ப அளந்துவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடேறிய நிலையில் இன்னொருமுறை. ரெகுலேட்டர் சூட்டில் வோல்டேஜைத் தானே கொஞ்சம் குறைக்கும், 14.3 இருந்தது 14 ஆனால் கவலை இல்லை. 13-க்குச் சரிந்தால், குளிர்ந்த நிலையில் ஒளிந்துகொள்ளும் கோளாறு ஏதோ உள்ளே மிச்சமிருக்கிறது. அது சரியாக இருந்துவிட்டால் மிச்சமிருப்பது ஒரே ஓர் அளவு. மறுநாள் காலை, இன்ஜினைக் கிளப்பும் முன் பேட்டரியில் முனைகளை வையுங்கள். 12.5-க்கு மேல் காட்டினால், இரவில் எதுவும் ஒழுகவில்லை.